இருதலைப் புள்ளுக்கு உயிர் எத்தனை?

பஞ்சதந்திரத்தின் விரிந்த பாடம் ஒன்றில் பாருண்டம் என்னும் பறவை வருகிறது. அதற்கு வயிறு ஒன்று. கழுத்தும் அலகும் இரண்டு. நீர்க்கரையில் கிடைத்த அமுதம் போன்ற கனியை ஒரு தலை கொத்தித் தின்று அதன் சுவையைப் புகழ்கிறது. தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்கிறது மற்றது. நம் இருவருக்கும் வயிறு ஒன்றுதானே, நான் தின்றால் நீ தின்றது போலத்தான் என்று முதல் தலை கைவிரித்துவிடுகிறது. மனம் கசந்த இரண்டாம் தலை பின்னொரு நாள் நச்சுக்கனி ஒன்றைக் கண்டு, தடுத்தும் கேளாமல் விழுங்குகிறது. பறவை மாள்கிறது.

ஒற்றுமையின் அருமையை விளக்கச் சிறுவர்க்குச் சொல்லப்படும் இக்கதை உண்மையில் ஒரு தத்துவ வழக்கு. வயிறு ஒன்றானால் உண்பவனும் ஒருவனே என்பது முதல் தலையின் வாதம். பசியும் நிறைவும் பொதுவாக இருக்கலாம், சுவை பொதுவன்று என்பது இரண்டாம் தலையின் மறுப்பு. பல தலை கொண்ட கற்பனை உயிரினத்துக்கு உயிர் ஒன்றா பலவா என்பதற்குத் தலையை எண்ணியும் விடை காண முடியாது, வயிற்றை எண்ணியும் காண முடியாது. வினையைச் செய்தவர் யார், அதன் பயனை நுகர்பவர் யார் என்று கேட்டே உயிரை எண்ண வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

உடனே ஒரு தடை எழும். ஒரே மனிதன் தனக்குத்தானே பகையாவதில்லையா? கெடுதல் என்று தெரிந்தே குடிப்பவனுக்கு இரண்டு உயிர் என்று சொல்வோமா? பஞ்சதந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தடையை நீக்குவது கடினம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் ஞானகுப்தர் சீன மொழியில் பெயர்த்த புத்தர் வரலாற்று நூலில் உள்ள வடிவம் கைகொடுக்கிறது. அங்கே ஒரு தலை உறங்கும்போது மற்றது விழித்திருக்கும். விழித்திருந்த தலை, பயன் இருவருக்கும்தானே என்று எண்ணி, உறங்கும் தலையை எழுப்பாமலே நல்ல மலரைத் தின்றுவிடுகிறது. உறங்கிய தலை கண் விழித்ததும் தன் ஏப்பத்தின் மணத்தைக் கொண்டு நடந்ததை ஊகிக்கிறது. இந்த ஏப்பம்தான் வழக்கின் முடிச்சு. தான் உண்டதை யாரும் ஊகித்து அறிவதில்லை, நினைவால் அறிகிறோம். குடிகாரனுக்குக் குடித்த நினைவும் வருந்தும் மனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பறவைக்கு அப்படியில்லை. விருப்பு, வெறுப்பு, முயற்சி, இன்பம், துன்பம், அறிவு ஆகிய ஆறையும் ஆன்மாவின் அடையாளங்களாக நியாய சூத்திரம் கூறுகிறது. இப்பறவையில் ஆறுமே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. கதை முடிவில் ஒரு தலை போதிசத்துவராகவும் மற்றது அவரைப் பகைத்த தேவதத்தனாகவும் அடையாளம் காட்டப்படுகின்றன. நிலையான ஆன்மாவே இல்லை என்னும் பௌத்தமும் இங்கே இரண்டு வினைத்தொடர்களை எண்ணிவிடுகிறது.

சங்க இலக்கியம் இதற்கு மாறாகப் பேசுவது போலத் தோன்றும். அகநானூற்றின் 12ஆம் பாட்டில் கபிலரின் தோழி, தானும் தலைவியும் இரண்டு தலையுடைய பறவையைப் போல ஓர் உயிரினர் என்கிறாள். இதை ஒருயிர்க் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் உவமை நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. அவள் பேசுவது நட்பைப் பற்றி. நட்புக்கு இருவர் வேண்டும். ஒருத்திக்கு நேர்வது மற்றவளுக்கும் நேரும், ஒருத்தி இறந்தால் மற்றவளும் இல்லை என்பதே அங்குக் கருத்து. வாழ்வும் சாவும் பொதுவாக, ஆள் மட்டும் இருவராக இருக்கும் நிலையைக் கபிலர் ஒரே அடியில் பிடித்துவிட்டார். அதே உடலமைப்பை எடுத்துக்கொண்ட பஞ்சதந்திரம் பகையைச் சொன்னது, கபிலர் அன்பைச் சொன்னார். இரண்டுக்குமே தேவைப்பட்டது இருவர்தான்.

சமணருக்கு இதில் சிக்கலே இல்லை. பாருண்டத்தை ஓர் உடலில் உறையும் இரண்டு உயிர்களாகவே அவர்களின் மரபு கொள்கிறது. துறவி இமைப்பொழுதும் சோராமல் இருப்பதற்கு அதை உவமையாக்குகிறது. கிழங்கு ஒன்றில் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்று சொல்லி உருளைக்கிழங்கையே விலக்குபவர்களுக்கு இரண்டு தலை எம்மாத்திரம்?

மறுபக்கம் துவட்டாவின் மகன் விசுவரூபன் இருக்கிறான். தைத்திரீய சங்கிதையின்படி அவனுடைய மூன்று தலைகளில் ஒன்று சோமத்தையும் ஒன்று கள்ளையும் பருகும், ஒன்று சோறு உண்ணும். வாய்தோறும் வேறு சுவை! ஆனாலும் அவற்றுக்குள் பூசல் இல்லை. வெளிப்படையாகத் தேவர்க்கும் மறைவாக அசுரர்க்கும் வேள்விப் பங்கை வாக்களித்த சூழ்ச்சி ஒருவனுடையது. இந்திரன் வெட்டியபோது மூன்று தலைகளும் மூன்று வகைப் பறவைகளாயின. தலைக்கணக்குப் பார்ப்பவர்க்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் இந்திரனைப் பற்றிக்கொண்ட பிரமகத்தி, அதாவது அந்தணனைக் கொன்ற பழி, ஒன்றே ஒன்று. அதைத்தான் மூன்றாகப் பகுத்து மண்ணுக்கும் மரத்துக்கும் மகளிர்க்கும் கொடுத்தான். மூன்று பேரைக் கொன்றவனாக வேதம் அவனைக் கருதவில்லை.

இராவணன் கதையும் அப்படியே. தவத்தில் ஒன்பது தலைகளை நெருப்பிலிட்ட பின்னும் அவன் இருந்தான். போரில் அறுந்த தலை முளைத்துக்கொண்டே இருக்க, தேரோட்டி மாதலி நினைவூட்டிய பின் இராமன் விடுத்த கணை நெஞ்சைத் துளைத்தபோதுதான் வீழ்ந்தான். ஒட்டிப் பிறந்த விலங்கு ஒன்றா இரண்டா என்பதை இதயத்தை எண்ணி முடிவு செய்யச் சொன்ன அரிஸ்டாட்டில் இக்காட்சியில் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவருடைய அளவுகோல் பாருண்டத்திடம் தோற்கும். வயிற்றைச் சொன்ன கதைகள் அதன் நெஞ்சு எத்தனை என்று சொல்ல மெனக்கெடவில்லை. பொறாமை எத்தனை என்றுதான் சொல்லின.

என் அளவுகோலுக்கு அடங்காதது பிரமனின் ஐந்தாம் தலை. திருக்கண்டியூர்த் தலபுராணம் உட்படப் பலவும் செருக்குக்காக அதைச் சிவன் கொய்ததைச் சொல்கின்றன. கொய்தவரைப் பிரமகத்தி பற்றுகிறது, கபாலம் கையை விடாமல் ஒட்டிக்கொள்கிறது. பிரமனோ நான்கு முகத்தோடு படைப்பைத் தொடர்கிறான். கொலைப்பழி உண்டு, இறந்தவர் இல்லை. செருக்கு ஐந்தாம் தலைக்கே உரியது என்றால் அது தனி உயிர், பழியும் பொருந்தும். பிரமனுக்கே உரியது என்றால் பழிக்கு வேறு காரணம் தேட வேண்டும். புராணங்கள் இரண்டு விதமாகவும் பேசுகின்றன. தலை போன பின் பிரமன் அடங்கிப் போவதால், செருக்கு அவனுடையதே என்ற பக்கம் நான் சாய்கிறேன். அப்படியானால் இவ்விடத்தில் பழியைக் கொண்டு உயிரை எண்ணும் முறை தவறுகிறது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.