பாரதி பாடல்கள் பொதுச்சொத்தான வரலாறு



ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் விழா என்றால், பாரதியார் பாட்டு ஒன்றாவது இருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. யாருக்கும் பணம் கட்டுவதில்லை. காற்றையும் மழையையும்போல் அந்தப் பாட்டு எல்லாருக்கும் உரியது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரு காலத்தில் அந்தப் பாட்டுக்குப் பூட்டு இருந்தது. சாவி ஒருவர் கையில் இருந்தது. அந்தப் பூட்டு எப்படித் திறந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒருவர் எழுதியதை மற்றவர் அச்சிட்டு விற்காதபடி காக்கும் சட்டத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் என்று பெயர். இங்கிலாந்தில் 1710-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பது அதன் நியாயம். நாளெல்லாம் பால்மரம் வெட்டியவருக்கு அந்த நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலம் போகப் போக உரிமைக்காலம் நீண்டுகொண்டே வந்தது. பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தபோது இந்தியாவில் இருந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுதியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுக்கு உரிமை உண்டு. அதாவது, பாரதி பாட்டுக்கு 1971 வரை பூட்டு.

அந்த நீண்ட உரிமையால் கவிஞரின் குடும்பம் வாழ்ந்ததா? துணைவியார் செல்லம்மா, கணவரின் நூல்களைத் தாமே வெளியிட முயன்றார். வறுமை விடவில்லை. நூல்களை அச்சிடும் உரிமை பாரதி பிரசுராலயத்துக்குப் போயிற்று. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையோ தனியே விலைபோய், ஜெய்சிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் சேர்ந்தது. அவரிடமிருந்து திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அதை வாங்கினார். பாட்டை எழுதியவர் ஒருவர். பூட்டும் சாவியும் வேறொருவர் கையில்!

மெய்யப்ப செட்டியார்மீது குறை சொல்வதற்கில்லை. முறைப்படி விலை கொடுத்தே வாங்கினார். 1947-இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. ஆனால், ஒருவருக்கே உரிமை என்றால் மற்றவர் நிலை என்ன? 1948-இல் வந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே. சண்முகம் குழுவினர் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது சட்ட நடவடிக்கை கிளம்பியது. அப்போதுதான் தமிழ் மக்கள் விழித்துக்கொண்டார்கள். நாட்டு விடுதலையைப் பாடியவரின் பாட்டுக்கே விடுதலை இல்லையா என்று கேட்டார்கள். ப. ஜீவானந்தம் மேடைகளில் முழங்கினார். எழுத்தாளர் நாரண துரைக்கண்ணனும் நண்பர்களும் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாவைக் கண்டு, அவர் சம்மதத்தைப் பெற்று வந்தார்கள்.

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவரது அரசு உரிமையைக் கேட்டபோது, மெய்யப்ப செட்டியார் ஈடு எதுவும் பெறாமலே விட்டுக்கொடுத்தார். குடும்பத்தாருக்கு அரசு பணம் கொடுத்தது. 1949-இல் பாரதி படைப்புகள் நாட்டுடைமை ஆயின. 1955-இல் அரசும் தன் உரிமையை விட்டுவிட்டு, யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம் என்று அறிவித்தது.

அதனால் என்ன விளைந்தது? மலிவுப் பதிப்புகள் பெருகின. 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் ஜி. ராமநாதன் பாரதி பாடல்களுக்கு இசையமைத்தார். சட்டம் வைத்த கெடு 1971. பூட்டு முன்னரே திறந்ததால்தான் அந்தப் படத்துக்கு யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இதே கதை வங்காளத்தில் வேறு விதமாக நடந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1941-இல் மறைந்தார். உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதியிடம் இருந்தது. மெட்டு கெடக்கூடாது என்ற அக்கறையில், இசைத்தட்டுகளுக்கு அதன் இசைக்குழு ஒப்புதல் தரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால், புகழ்பெற்ற பாடகர் தேவப்பிரதா பிஸ்வாஸ் பாடும் முறை பிடிக்காமல் குழு தடை சொன்னது. மனம் நொந்த அவர் தாகூர் பாடல்களைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். 1991-இல் முடியவேண்டிய அந்த உரிமைக்காக, 50 ஆண்டை 60 ஆக்கிச் சட்டத்தையே நீட்டினார்கள். 2001 முடிந்த பிறகுதான் தாகூரின் பாட்டு எல்லாருக்கும் உரியதாயிற்று.

நேயர்களே, புதுப் படைப்பு வெறுங்கையிலிருந்து பிறப்பதில்லை. பாரதியே பாஞ்சாலி சபதத்துக்குக் கதையை வியாசரிடம் எடுத்தார். சிந்தையும் கும்மியையும் நாட்டு மக்களிடம் எடுத்தார். அவற்றுக்குப் பூட்டு இருந்திருந்தால் நமக்குப் பாரதி ஏது? நம் மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாட்டைப் பாருங்கள். மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி சமூகத்தார் எல்லாரும் பாடுகிறார்கள். ஒருவர் பாடப் பாட மற்றவர் அங்கேயே புதுப் பாட்டுக் கட்டிப் பதில் பாடுகிறார். 2018-இல் யுனெஸ்கோ அதை உலக மரபாக ஏற்றது. லயங்களில் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் அப்படித்தான். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பாடினாள்.

அப்படியானால் உரிமையே வேண்டாமா? வேண்டும். உங்கள் மகனோ மகளோ ஒரு பாட்டு எழுதினால், பெயரும் பணமும் அவர்களுக்கே சேரவேண்டும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்நாளோடு, அதற்குப் பின் 50 ஆண்டும் தருகிறது. 25 வயதில் எழுதியவர் 75 வயதுவரை வாழ்ந்தால், அந்தப் பாட்டுக்கு 100 ஆண்டுக் காவல். எழுதியவர் உண்ணும் காலத்துக்குக் காவல் நியாயம். பேரன் பேத்தி காலத்தில் அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

கிணறு வெட்டியவருக்குக் கூலியைக் குறையாமல் கொடுப்போம். அதற்காகக் கிணற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்தால், பக்கத்துத் தோட்டம் காய்ந்து போகும். செல்லம்மாவின் குடும்பத்துக்கும் பணம் கொடுத்து, பாட்டையும் திறந்துவிட்டார்கள் அன்றைய தமிழர்கள். அதனால்தான் இன்று நம் பிள்ளை மேடையேறி, யாருக்கும் அஞ்சாமல் பாரதியைப் பாடுகிறது.