ஊசிக் கணக்கும் நோய்க் கணக்கும்

வங்கியில் குப்பை கொட்டும் என் போன்றவர்களுக்கு டார்கெட் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். 1962-ல் ஆரம்பித்த தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டமும் டார்கெட்டில்தான் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கு எண்பது பேருக்கு அம்மை குத்திவிட்டால் நோய் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். கோடிக்கணக்கில் குத்தியும் அடங்கவில்லை.

ஏன்? எண்ணிக்கை காட்டவேண்டிய ஊழியர்கள், சுலபமாகக் கிடைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தினார்கள். கைக்குழந்தைகளும், பிழைப்பு தேடி ஊர் ஊராகப் போனவர்களும் விட்டுப்போனார்கள். ரிஜிஸ்டர் மட்டும் நிரம்பியது.

1973-ல் வழியை மாற்றினார்கள். அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். நோயாளி கிடைத்தால் வாசலில் காவல், சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் ஊசி. தகவல் சொல்பவருக்குச் சன்மானம். கடைசியில் அது 1000 ரூபாய் வரை போனது.

தேடத் தேடக் கணக்கு ஏறியது. 1974-ல் 1.88 லட்சம் நோயாளிகள். பீகாரில்தான் நிலைமை மிக மோசம். பழைய முறைக்கே திரும்பலாம் என்று பேச்சும் எழுந்தது. திரும்பவில்லை. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில், வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1977 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு அதை உறுதிசெய்தது.

அன்று விட்டுப்போனவர்களில் ஊர் மாறியவர்கள் உண்டு. நாமும் ஊர் மாறியவர்கள்தான். போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் கதவைத் தட்டினால், "ஆஸ்பத்திரியிலேயே போட்டாச்சு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் கணக்கில் நம் வீடும் இருக்கட்டும்.