142 இருக்கட்டும், 104 தெரியுமா?

கடல்மீன் தொட்டி வளர்க்கிற நண்பர்கள் யாராவது இருந்தா 'சம்ப்' தெரிஞ்சிருக்கும். பெரிய தொட்டிக்குக் கீழே ஒளிஞ்சிருக்கிற குட்டித் தொட்டி. அதுக்குள்ள புரோட்டீன் ஸ்கிம்மர்னு ஒரு சாதனம் நிக்கும். பொடிப்பொடியா காத்துக் குமிழ் விட்டு, தண்ணியில இருக்கிற அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கோப்பையில சேர்க்கும். சம்ப்ல மட்டம் ஏறினா நுரையோட தண்ணியும் சேர்ந்து கோப்பை வழியும். இறங்கினா நுரை கோப்பைக்கே வராது. அதனால ஸ்கிம்மர் நிக்கிற அறைக்கு ஒரு தடுப்பு வெச்சு, அங்க மட்டும் மட்டம் மாறாம பார்த்துப்பாங்க.

இதுக்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இதே கணக்கை மலையளவுல போட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கு நூறு வருஷத்துக்கு மேல சோறு சாப்பிடுது :-)

பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. 1886-ல் திருவிதாங்கூரோட போட்ட 999 வருஷக் குத்தகை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத விஷயம் வேற. பெரியாறு மேற்கே ஓடுற ஆறு. நமக்குத் தண்ணி வேணும்னா அது கிழக்கே வரணும். அதனால தண்ணியை அணையோட அடியில எடுக்கல. தேக்கடிப் பக்கம் மலையைக் குடைஞ்சு, சுமார் 5,700 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம் போட்டாங்க. அணை தேக்கி வைக்கும், அவ்வளவுதான். தண்ணி தர்றது சுரங்கம்.

அந்தச் சுரங்கத்தோட வாய் இருக்கிறது 104-ஆவது அடியில. அதுக்குக் கீழே கடல் போல தேங்கி நின்னாலும் ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது.

இப்போ சண்டைக் கணக்கைப் பாருங்க. முழுக் கொள்ளளவு 152 அடி. 1979-ல் பாதுகாப்புப் பயத்துல 136 ஆக்கினாங்க. அணையைப் பலப்படுத்தின பிறகு, 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது. கேரளா சட்டத்திருத்தம் போட்டுத் தடுக்க, 2014 மே மாசம் அது செல்லாதுன்னு தீர்ப்பு. அதே வருஷம் நவம்பர்ல அணை 142-ஐத் தொட்டது.

136-ல இருந்து 142, வெறும் ஆறடிதானேன்னு தோணும். ஆனா 104-க்குக் கீழே உள்ளதைக் கழிச்சுட்டா, 142 அடியில நாம எடுக்க முடியுறது சுமார் 7.6 டி.எம்.சி. 136-ல 6 சொச்சம்தான். கூடலூர்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு இதை நம்பித்தான் நாத்து விடுது.

சரி, ஏரி மட்டம் 104-க்கும் 142-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கே, லோயர் கேம்ப் மின் நிலையம் எப்படி ஓடுது? இங்கதான் நம்ம சம்ப் தடுப்பு வருது. சுரங்கத்துத் தண்ணி நேரா டர்பைனுக்குப் போறதில்லை. மலை மேல 'போர்பே'ங்கிற சின்ன அணையில நின்னு, அங்கிருந்து நாலு ராட்சதக் குழாய் வழியா கீழே பாயுது. குழாய் வாய்க்கு மேல மட்டத்தைப் பிடிச்சு வைக்கிறது போர்பே வேலை. ஆனா மட்டத்தைப் பிடிக்கவும் வரத்து வேணும் இல்லையா? கோடையில குடிநீருக்கு மட்டும் நூறு கன அடி திறக்கிறப்போ மின் உற்பத்தியை நிறுத்திடுவாங்க. தண்ணி இரைச்சல் பாலம் வழியா இறங்கிப் போயிடும்.

2012-ல் நீதிபதி ஆனந்த் குழு ஒரு மாற்று யோசனை சொன்னது: 50-ஆவது அடியில புதுச் சுரங்கம். 2014 தீர்ப்புலயும் அது இருக்கு. வாய் கீழே இறங்கினா, இப்போ முடங்கிக் கிடக்கிற தண்ணியும் கிழக்கே வரும். ஆனா சுரங்கம் வெளியே வர்ற மட்டமும் கூடவே இறங்குமே! போர்பே, குழாய், மின் நிலையம் எல்லாத்தையும் மறுபடி யோசிக்கணும். செலவும் வேலையும் பெருசுதான். ஆனாலும் மேல் எண்ணுக்கு நாப்பது வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டின நாம, கீழ் எண்ணைப் பத்தியும் உக்காந்து பேசணும்னுதான் எனக்குத் தோணுது.

உங்க ஊர் அணையில மதகு வாய் எத்தனையாவது அடியில இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.