துணையும் தனிமையும்: தமிழ் கண்ட அமெரிக்கப் புனைகதை

அமெரிக்கப் புனைகதை என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் எழுவது பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் தோற்றமே. நடுக்கடலில் பெருமீனோடு பொருதும் கிழவன், பனிவெளியில் பசியோடு ஊர்ந்து செல்லும் பொன் தேடி ஆகியோர் விடாமுயற்சியின் சின்னங்களாக மேடைகளிலும் வகுப்பறைகளிலும் போற்றப்படுகின்றனர். அவ்விளக்கத்தில் உண்மை உண்டு, முழுமை இல்லை. தமிழுக்கு வந்த அக்கதைகளை ஊன்றிப் படிப்போர்க்கு, அம்மனிதன் அருகே இருந்திருக்க வேண்டிய துணையைப் பற்றியே அவை மிகுதியும் பேசுவது புலப்படும்.

பிறநாட்டுக் கதைகள் தமிழுக்கு வந்த வரலாறு தழுவலில் தொடங்கியது எனலாம். ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழ்ப் பெயர்களும் தமிழ்ச் சூழலும் தந்து மாற்றி எழுதினார். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யின் காலத்தில் நிலை மாறியது. புதுமைப்பித்தன் (1906–1948) தழுவலைக் கடுமையாக எதிர்த்தார். பிறன் படைப்பைப் பிறன் பெயராலேயே தரவேண்டும் என்பது அவர் கொள்கை. உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழாக்கிய அவர், அமெரிக்காவிலிருந்து ஹாதார்னின் ‘ரோஜர் மால்வினின் ஈமச்சடங்கு’, எட்கர் ஆலன் போவின் ‘சாராயப் பீப்பாய்’, ஜாக் லண்டனின் ‘உயிர் ஆசை’ முதலியவற்றைத் தெரிந்தெடுத்தார். இத்தெரிவு கருதத்தக்கது. செல்வம் கொழிக்கும் அமெரிக்கா இக்கதைகளில் இல்லை. மனச்சான்றின் முன் நிற்கும் மனிதர்களே உள்ளனர்.

ஹாதார்னின் கதை 1832இல் வெளிவந்தது. போரில் காயமுற்ற ரூபன், சாகக்கிடக்கும் முதியவர் மால்வினை ஒரு பாறையடியில் விட்டு வருகின்றான். போகச் சொன்னவர் முதியவரே; ஆதலின் விட்டுவந்தது குற்றமாகாது. திரும்பி வந்து அவர் உடலை அடக்கம் செய்வதாக அவன் தந்த வாக்கு நிறைவேறவில்லை. அவர் மகளையே மணந்துகொண்டவன் உண்மையை அவளிடம் மறைத்து வாழ்கின்றான். ஆண்டுகள் பல கழித்து அதே பாறையருகே வேட்டையில் தவறுதலாகத் தன் மகனையே சுட்டுக் கொல்கின்றான். கைவிடப்பட்டவரின் நினைவு ஒரு குடும்பத்தையே தொடர்ந்து வந்ததை இக்கதை காட்டுகின்றது.

‘உயிர் ஆசை’யில் கைவிடப்பட்டவனே கதைத் தலைவன். கணுக்கால் பிசகி ஓடையில் தடுமாறும் அவனைத் தோழன் பில் திரும்பியும் பாராது போய்விடுகின்றான். பசியால் வாடும் தலைவன் சுமந்து வந்த பொன்னை எறிந்துவிடுகின்றான். வழியில் ஓநாய்கள் தின்ற பில்லின் எலும்புகளும் அவன் இறுதிவரை விடாத பொன்மூட்டையும் கிடக்கின்றன. தலைவன் அப்பொன்னைத் தொடவில்லை; பசித்தும் அவ்வெலும்புகளைச் சுவைக்கவில்லை. உயிர்மேல் கொண்ட ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த இடம் உணர்த்துகின்றது. 1924 ஜனவரியில் லெனின் மறைவதற்கு இரு நாள் முன்பு குரூப்ஸ்கயா அவருக்குப் படித்துக் காட்டிய கதையும் இதுவே.

எமிங்வேயின் 1952ஆம் ஆண்டுக் குறுநாவலைக் ‘கடலும் கிழவனும்’ எனத் தமிழாக்கியவர் கவிஞர் ச. து. சு. யோகியார். வால்ட் விட்மனின் கவிதைகளை ‘மனிதனைப் பாடுவேன்’ என்னும் பெயரில் தந்தவரும் அவரே. எண்பத்து நான்கு நாள் மீன் கிடைக்காத சாந்தியாகோவின் படகிலிருந்து மனோலின் என்னும் சிறுவனைப் பெற்றோர் பிரித்துவிடுகின்றனர். கடலில் கிழவன் மீண்டும் மீண்டும் எண்ணி ஏங்குவது அச்சிறுவனையே. கரையில் அவனுக்காக அழுபவனும், இனி உடன் வருவேன் என்பவனும் அச்சிறுவனே. மீனின் எலும்புக்கூட்டோடு கதை முடிவதாகக் கொள்வோர் இத்துணையை மறந்துவிடுகின்றனர்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இக்கதையைப் படிப்போர்க்கு மற்றொன்றும் தோன்றும். அவ்வேரியில் சிலவகை வலைகளுக்குரிய மீன்பிடி இடங்களை மீனவர் ஊர்கூடிச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். பங்கையும் குறிக்கும் சொல், துன்பத்தையும் குறிக்கும் சொல், இங்கே நீதியின் பெயராகவும் நிற்கின்றது. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாமல் காப்பது இம்முறை. சாந்தியாகோவுக்கு வாய்க்காதது இத்தகைய ஊர்த்துணையே எனலாம்.

ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேறொரு நாவல் நினைவுக்கு வரும். 1939இல் வெளிவந்த ஸ்டெயின்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நிலமிழந்த ஜோடு குடும்பம் ஓக்லஹாமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வதைச் சொல்கின்றது. வேலைக்கு ஆள் தேவை என்னும் துண்டறிக்கைகளை நம்பித் தேவைக்கு மேல் மக்கள் திரள்கின்றனர். அதனாலேயே கூலி குறைகின்றது. குடும்பம் சிதையச் சிதைய, வழியில் கண்ட அயலாரே உறவாகின்றனர். குழந்தையை இழந்த இளம்பெண் பசியால் சாகும் முன்பின் அறியாத மனிதனுக்குத் தாய்ப்பால் தருவதோடு நாவல் முடிகின்றது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும் மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வடமாநிலத் தொழிலாளர் பலர் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டைமுடிச்சுகளோடு சொந்த ஊர் நோக்கி நடந்தனர். ஜோடு குடும்பத்தின் வழி இவ்வட்டாரத்தின் ஊடாகவும் சென்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அவர்களைத் திரும்பிப் பாராது போன பில் யார், உடன் வருவேன் என்ற மனோலின் யார் என்னும் வினா இவ்வட்டாரத்து எழுத்துக்கு இன்னும் எஞ்சி நிற்கின்றது.

வாழ்க்கைத் துணைநலம், பெரியாரைத் துணைக்கோடல் என அதிகாரப் பெயர்களிலேயே துணையை வைத்தவர் வள்ளுவர். அம்மரபில் வந்த வாசகர்க்கு அமெரிக்கக் கதைகளின் உட்பொருள் அயலானதன்று. புதுமைப்பித்தனும் யோகியாரும் அக்கதைமாந்தரைத் தமிழ்ப் பெயர்களுக்குள் மறைக்காமல், அயலாராகவே தமிழ் வீட்டுக்குள் அழைத்து வந்தனர். பெயரை மாற்றச் சொல்லாமல் அயலாரை ஏற்பது மொழிபெயர்ப்பின் அறம். ஒடியாவும் இந்தியும் வங்கமும் ஒலிக்கும் ஒரு தொழில் நகரில் வாழ்வோர்க்கு அவ்வறம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. அந்நகரின் கதையை எழுதப்போகும் கவிஞர்க்கும் கதைஞர்க்கும் முன்னோர் விட்டுச்சென்ற துணை அதுவே.