புதுக் கணினியில் பழைய காத்திருப்பு

“புதுசு வாங்கியும் இப்படி இழுக்குதே” என்ற புலம்பலைப் படம் தொகுக்கும் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கலாம். அதே ஃபோட்டோஷாப், அதே திருமண ஆல்பம், அதே கோப்பு. இயந்திரம் மட்டும்தான் புதிது. ஆனால் தூரிகையை இழுத்தால் கோடு சற்றுப் பிந்தித்தான் வருகிறது. சேமிக்கச் சொன்னால் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வைரஸா இருக்கும், ஃபார்மட் பண்ணு, ரேம் கூட்டு. கடைசியாக, வேற கணினி வாங்கு.

இந்தப் புலம்பலுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1994இல் புலம்பினார்கள், 2006இல் புலம்பினார்கள், 2020இலும் புலம்பினார்கள். ஒவ்வொரு முறையும் கணினி பழையதைவிட வேகமானதுதான். வேலைதான் மெதுவானது. ஃபோட்டோஷாப்பின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இது விபத்து இல்லை என்று தெரிகிறது. இயந்திரம் புதிதாக வருகிறது, மென்பொருளோ தன் பழைய பழக்கங்களோடு வருகிறது. கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நோல் என்ற முனைவர் பட்ட மாணவரிடம் ஒரு மெக்கின்டாஷ் பிளஸ் இருந்தது. அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும், நடுவில் சாம்பல் கிடையாது. புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து, கண்ணுக்குச் சாம்பல்போலத் தோன்றச் செய்யும் நிரலை அவர் எழுதினார். அதன் பெயர் ‘டிஸ்ப்ளே’. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்குக் காட்சி வித்தைகள் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் அவருடைய தம்பி ஜான் நோல் வேலை பார்த்தார். இது முழு மென்பொருளாக வளர வேண்டும் என்று அண்ணனைத் தூண்டியவர் அவர்தான். அடோபி நிறுவனம் உரிமம் பெற்று, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 வெளிவந்தது. அப்போது அது மேக் கணினிக்கு மட்டும்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாள் ஒன்றை அச்சுத் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளிகள் வரும். மொத்தம் ஏறத்தாழ 87 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆகப் படம் ஒன்றுக்கே சுமார் 26 மெகாபைட். மெக்கின்டாஷ் பிளஸ் கடையிலிருந்து வரும்போது அதில் இருந்த நினைவகம் 1 மெகாபைட். ‘செய்ததை அழி’ என்ற கட்டளை வேலை செய்ய வேண்டுமென்றால் பழைய நிலையின் பிரதி ஒன்றும் வேண்டும். எங்கே வைப்பது?

அன்றைய மேக் இயங்குதளத்தில் இதற்கு வசதி கிடையாது. வட்டையும் நினைவகம்போலப் பயன்படுத்தும் மெய்நிகர் நினைவகம் 1991இல், சிஸ்டம் 7இல்தான் வந்தது. அதனால் ஃபோட்டோஷாப் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டது. படத்தைத் துண்டுகளாக வெட்டி, கைக்கு வேண்டிய துண்டை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மீதியை வட்டில் எழுதிவைப்பது. இதைத்தான் இன்றும் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’ என்கிறார்கள். எழுதி எழுதி அழிக்கும் சிலேட்டு மாதிரி. கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் ஃபோட்டோஷாப் 1.0.1இன் மூல நிரலை வெளியிட்டது. 179 கோப்புகள், சுமார் 128,000 வரிகள். நினைவகத்தைச் சமாளிக்கும் பகுதியையும் அதில் போய்ப் படிக்கலாம்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 1994இல் 3.0 பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது. 1998இல் 5.0 பதிப்பு, பல படிகள் பின்னோக்கிப் போகும் ‘ஹிஸ்டரி’ பலகத்தைக் கொண்டுவந்தது. இரண்டும் நினைவகத்தைத் தின்னும். கிடைக்கும் நினைவகத்தில் 70 விழுக்காட்டை ஃபோட்டோஷாப் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது, போதாததை வட்டில் எழுதுகிறது. இப்போது புதுக் கணினியை யோசித்துப் பாருங்கள். பழையதில் 1 டெராபைட் வன்வட்டு இருந்திருக்கும். புதியதில் வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது, ஆனால் 256 கிகாபைட். பழைய கோப்புகளை எல்லாம் கொண்டுவந்து கொட்டியதும் அது நிரம்பிவிடுகிறது. சிலேட்டில் எழுத இடமில்லை. இடம் வேண்டுமே என்று பழைய வெளிவட்டு ஒன்றைச் செருகி ஸ்கிராட்ச் டிஸ்க்கை அதற்கு மாற்றினால், புதுக் கணினி பழைய வட்டின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை. சாளரத்தின் அடியில் இருக்கும் நிலைப்பட்டையில் ‘எஃபிஷியன்சி’ என்ற அளவைக் காட்டச் சொல்லலாம். 100 விழுக்காடு என்றால் வேலை நினைவகத்திலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் வட்டுக்காகக் காத்திருக்கிறது. சிலர் 70ஐ 100 ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். அப்போது இயங்குதளத்துக்கு மூச்சு முட்டும், இழுவை இன்னும் கூடும்.

இரண்டாவது வகைக் காத்திருப்பு 1994இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஆப்பிள், மோட்டோரோலாவின் 68000 வரிசைச் செயலிகளை விட்டு பவர்பிசிக்கு மாறியது. ஒரு செயலிக்கு எழுதிய கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. அதனால் பழைய மென்பொருள்களை ஓடும்போதே மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை ஆப்பிள் உள்ளே வைத்தது. கடிதம் எழுதும் ஆளுக்கு அது போதும். ஒரு வடிகட்டியைப் போட்டால் லட்சக்கணக்கான புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடும் ஃபோட்டோஷாப்புக்கு எப்படிப் போதும்? முதல் பதிப்பின் மூல நிரலில் முக்கால் பங்கு பாஸ்கல் மொழி, சுமார் 15 விழுக்காடு 68000 செயலிக்கென்றே எழுதிய அசெம்பிளி. வேகத்துக்காகக் கையால் செதுக்கியது அந்த அசெம்பிளிப் பகுதி. செயலி மாறினால் அந்த உழைப்பு வீண். 2.5.1 பதிப்புக்கு அடோபி ஒரு முடுக்கிச் செருகுநிரலைக் கொடுத்துச் சமாளித்தது. 3.0 பதிப்புதான் பவர்பிசிக்கென்றே வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கதை. 2006 ஜனவரியில் இன்டெல் செயலியோடு முதல் மேக்குகள் வந்தன. இந்த முறை மொழிபெயர்ப்பாளரின் பெயர் ரொசெட்டா. அப்போதைய ஃபோட்டோஷாப் சிஎஸ்2 பவர்பிசிக்கு எழுதப்பட்டது. அடோபியின் பொறியாளர்கள் அதுவரை பயன்படுத்திய கோட்வாரியர் என்ற கருவியை விட்டு, ஆப்பிளின் எக்ஸ்கோடுக்கு மொத்த நிரலையும் மாற்ற வேண்டியிருந்தது. சிஎஸ்3 கைக்கு வந்தது 2007 ஏப்ரலில். அந்தப் பதினைந்து மாதமும் புதிய மேக் வாங்கியவர், பழைய மேக்கை விற்காமல் வைத்திருந்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்.

2020 நவம்பரில் எம்1 செயலி வந்தது, ரொசெட்டா 2 வந்தது. எம்1க்கென்றே எழுதிய ஃபோட்டோஷாப் 2021 மார்ச்சில் கிடைத்தது. நான்கு மாதம்தான், நல்ல முன்னேற்றம். ஆனால் பழைய செருகுநிரல்கள் சில அதில் ஓடவில்லை. அவை வேண்டுமென்றால் மென்பொருளையே ரொசெட்டா வழியாகத் திறக்க வேண்டும். ஒரே ஒரு செருகுநிரலுக்காக அப்படித் திறந்துவிட்டு, அதை மறந்தும் போனால், என்றைக்கும் மொழிபெயர்ப்பில்தான் ஓடும். ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ என்ற கருவியில் ஃபோட்டோஷாப்பின் பெயருக்கு நேரே ‘ஆப்பிள்’ என்று இருக்கிறதா, ‘இன்டெல்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆர்ம் செயலி கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகளிலும் இன்டெல்லுக்கு எழுதிய பழைய மென்பொருள் இப்படி மொழிபெயர்ப்பில்தான் ஓடும்.

இரண்டு மாற்றங்களுக்கு நடுவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஃபோட்டோஷாப் மேடையேறியது. 2001 ஜூலையில் நியூயார்க்கில், 867 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி ஜி4ஐயும் 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் ஆப்பிள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஃபோட்டோஷாப் வேலை கொடுத்தது. பாதி எண் கொண்ட ஜி4 முந்தியது. தனக்குச் சாதகமான வேலைகளை ஆப்பிள் பொறுக்கி எடுத்திருக்கும், அது வியாபாரம். இருந்தாலும் சொன்ன பாடம் சரி: கடிகார வேகம் என்ற ஒற்றை எண் எதையும் தீர்மானிக்காது. ஐந்தே ஆண்டில் ஆப்பிளே இன்டெல்லுக்கு மாறிக்கொண்டது வேறு கதை.

இன்று அந்த ஒற்றை எண்ணின் இடத்தில் உட்கார்ந்திருப்பது கோர்களின் எண்ணிக்கை. லோ யாட்டிலோ சிம் லிம்மிலோ போய் நின்றால் முதலில் காதில் விழுவது “எத்தனை கோர்” என்பதுதான். இதற்கும் 1967இலேயே பதில் சொல்லியாயிற்று. ஜீன் அம்டால் சொன்ன கணக்கு அது. ஒரு வேலையில் 80 விழுக்காட்டைப் பங்கு போட முடியும், 20 விழுக்காட்டை ஒருவரே செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 கோர் இருந்தால் வேலை 3.3 மடங்கு வேகமாகும். 16 கோர் இருந்தால் 4 மடங்குதான். வெங்காயம் வெட்ட பதினாறு பேர் வந்தாலும் தோசைக்கல் ஒன்றுதானே. ஃபோட்டோஷாப்பில் சில வடிகட்டிகள் எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும். தூரிகைக் கோடு அப்படி இல்லை, அடுத்த புள்ளி முந்தைய புள்ளிக்காகக் காத்திருக்கும்.

மூன்றாவது வகைக் காத்திருப்பு 2008இல் வந்தது. அந்த ஆண்டு வந்த சிஎஸ்4 இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்று 64 பிட். 32 பிட் மென்பொருளால் 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைத் தொட முடியாது. கணினியில் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் பயனில்லை. அந்தத் தடை விண்டோஸ் பதிப்பில் மட்டும் நீங்கியது. மேக்கில் ஃபோட்டோஷாப் நம்பியிருந்த கார்பன் என்ற அடித்தளத்துக்கு 64 பிட் கிடையாது என்று ஆப்பிள் 2007இல் கைவிரித்துவிட்டது. மறுபடியும் நிரலை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. 2010 ஏப்ரலில் வந்த சிஎஸ்5 வரை மேக்காரர்கள் பொறுத்திருந்தார்கள்.

இரண்டாவது கதவு கிராஃபிக்ஸ் அட்டை. பெரிதாக்குவது, படத்தைச் சுழற்றுவது போன்ற வேலைகள் அந்த அட்டைக்குப் போயின. அதிலிருந்து புதிய கோளாறும் வந்தது. மடிக்கணினி பலவற்றில் செயலியோடு ஒட்டிய எளிய கிராஃபிக்ஸ் ஒன்று, தனி அட்டை ஒன்று என்று இரண்டு இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க, இயங்குதளம் எளியதைத் தேர்ந்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய அட்டை சும்மா கிடக்கும். புதுக் கணினியோடு புதுத் திரையும் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். 1920க்கு 1080 திரையில் 20 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம். நான்கு மடங்கு வரைய வேண்டும். ஃபோட்டோஷாப்பின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ அமைப்புப் பக்கத்தில் எந்த அட்டை பிடிபட்டிருக்கிறது என்று பெயரோடு இருக்கும்.

பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டே போகிறது என்பது அதன் சாரம். தேவையில்லாத வசதிகளை அடுக்கிக் கொழுத்துப்போன மென்பொருள்மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. ஃபோட்டோஷாப் அவர் மொழியில் பிறந்த பிள்ளை என்பதால் அந்தக் கோபம் இங்கே கூடுதலாகவே பொருந்தும்.

ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் விரிந்தால் ஒரு அடுக்குக்கு 36 மெகாபைட். 48 மெகாபிக்சல் படம் 144. பத்து அடுக்கு போட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் கொழுத்தது உண்மை. நாம் அதன் தலையில் ஏற்றும் பாரம் பெருத்ததும் உண்மை.

இதைப் பழங்கதையாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் காசு. ஆல்பமும் கோயில் திருவிழாப் பதாகையும் செய்து பிழைக்கும் சிறிய ஸ்டூடியோவுக்கு ஒரு கணினி என்பது பல மாதச் சேமிப்பு. “வேற வாங்கு” என்ற யோசனையை அவர்களிடம் சொல்வது எளிது. அடுத்த இயந்திரமும் நிரம்பிய வட்டோடு, மொழிபெயர்ப்பில் ஓடும் மென்பொருளோடு, சும்மா கிடக்கும் அட்டையோடு இருந்தால் காத்திருப்பு தொடரும், கடன்தான் கூடும். வேகமா மெதுவா என்று கேட்பதைவிட, இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்பது பயன் தரும். மென்பொருள் இந்தச் செயலிக்கு எழுதியதா என்பது முதல் கேள்வி. வட்டில் இடம் இருக்கிறதா, ‘எஃபிஷியன்சி’ எவ்வளவு என்பது இரண்டாவது. எந்த கிராஃபிக்ஸ் அட்டை வேலை செய்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும், காசு ஒரு சென் செலவில்லை. செயலியின் வேகமும் கோர் எண்ணிக்கையும் இதற்கெல்லாம் பிறகுதான். கடையில் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.