மணியோசை அடங்கிய கரையோரம்

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பெரியதொன்று வந்து சேருமுன் அதன் ஓசை வந்து வழியை விலக்க வேண்டும் என்னும் பட்டறிவு அதில் அடங்கியுள்ளது. யானையினும் பன்மடங்கு பெரிய இரயில் வண்டிக்கு அத்தகைய மணியோசையாய் அமைந்தது ஊதல். அந்த ஊதலை அடக்கினால் நேர்வது யாது? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கரையோர இருப்புப் பாதையின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

பாதை முன்னே, ஊர் பின்னே

ராக்பெல்லருடன் சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை வளர்த்த பெருஞ்செல்வர் ஹென்றி பிளாக்லர். அவர் செயின்ட் அகஸ்டின் நகரில் எழுப்பிய மாளிகை போன்ற விடுதி 1888-இல் திறக்கப்பட்டது. விருந்தினர் வந்து சேர நல்ல இரயில் பாதை வேண்டும் என்பதற்காக, 1885-இலேயே அவர் ஒரு சிறு பாதையை விலைக்கு வாங்கியிருந்தார். அது தெற்கு நோக்கி நீண்டு, 1894-இல் வெஸ்ட் பாம் பீச்சையும் 1896-இல் மயாமியையும் எட்டியது. மயாமிக்கு முதல் வண்டி வந்தது ஏப்ரல் மாதம். அக்குடியிருப்பு நகரத் தகுதி பெற்றதோ அவ்வாண்டு ஜூலையில்தான். 1912-இல் கடலைக் கடந்து கீ வெஸ்ட் தீவு வரை சென்ற நீட்சி, 1935-ஆம் ஆண்டுச் சூறாவளியில் சிதைந்து போயிற்று. ஜாக்சன்வில்லிலிருந்து மயாமி வரை ஏறத்தாழ 350 மைல் நீளமுள்ள பாதை மட்டும் நிலைத்தது.

ஊர்கள் தோன்றிய பின் பாதை வரவில்லை. பாதை வந்த பின்னரே ஊர்கள் பல தோன்றின. இதனால் வண்டி ஊரின் நடுவே ஓடுகிறது. கடற்கரைக்குச் செல்லும் தெருக்கள் தண்டவாளத்தைச் சமதளத்திலேயே குறுக்கிட்டுக் கடக்கின்றன. இத்தகைய கடவைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வீட்டுச் சன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சில அடி தூரமே உள்ள இடங்களும் உண்டு. பின்னர் எழுந்த பூசலுக்கு வித்து இங்கேதான் இடப்பட்டது.

ஊதலின் இலக்கணம்

கடவையை நெருங்கும் ஓட்டுநர் எழுப்பும் ஊதலுக்கு ஓர் இலக்கணம் உண்டு. நெடில் இரண்டு, குறில் ஒன்று, மீண்டும் நெடில் ஒன்று. எஞ்சின் கடவையில் ஏறும்வரை இது தொடர வேண்டும். நீராவி எஞ்சின் மறைந்து டீசல் எஞ்சின் வந்தபோது, இனிய சீழ்க்கை போய்க் கரகரப்பான ஒற்றைக் குழல் வந்தது. கனடா நாட்டுப் பொறியாளர் ராபர்ட் ஸ்வான்சன் பல குழல்களை இசைவாகச் சேர்த்து, பழைய நீராவிச் சீழ்க்கையை நினைவூட்டும் காற்றூதல்களை உருவாக்கினார்.

இவ்வோசையை ஆழ்ந்து கேட்கும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. இரயில் வண்டிகளுக்காகக் காத்திருந்து, அவற்றின் எண்களையும் வகைகளையும் குறித்துக்கொள்ளும் ஆர்வலர்கள் அவர்கள். 1942-இல் இங்கிலாந்தில் இயன் ஆலன் என்னும் இளைஞர் எஞ்சின் எண்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டபின், இப்பொழுதுபோக்கு அங்கே பெரிதும் பரவியது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்னும் ஒளிப்படக் கலைஞர், 1950-களின் பிற்பாதியில் வர்ஜீனியாப் பகுதியின் இறுதி நீராவி எஞ்சின்களைப் படம் பிடித்ததோடு நில்லாமல், அவற்றின் ஒலியையும் பதிவுசெய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அந்த எஞ்சின்கள் ஓய்ந்தபின் அவற்றின் குரல் எஞ்சியது இத்தகைய பதிவுகளாலேயே. மறையப்போவதை மறையுமுன் குறித்து வைப்பதும் வரலாற்றுப் பணியே ஆகும்.

விலை கொடாத அமைதி

புளோரிடாக் கரையோரப் பாதையில் 1968-இல் பயணிகள் வண்டி நின்றது. சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடின. உறக்கம் கெட்ட மக்களின் முறையீட்டுக்கு மாநில அரசு 1984-இல் செவிசாய்த்தது. மாநில எல்லைக்குள் மட்டும் ஓடும் இரயில் நிறுவனங்களின் ஊதலை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உள்ளாட்சிகள் தடை செய்யலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. தடுப்புக் கட்டை, மின்னும் விளக்கு, மணி ஆகியவை உள்ள கடவைகளுக்கே அத்தடை பொருந்தும். காவல்கள் இத்தனை இருக்கையில் ஊதல் எதற்கு என்பதே அவர்தம் வாதம். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றியது.

விளைவு வேறாயிற்று. தடையுள்ள கடவைகளில் இரவு விபத்து வீதம் 195 விழுக்காடு உயர்ந்ததை நடுவண் இரயில் ஆணையம் கண்டது. அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே கடவைகளில் ஊதல் ஒலித்த பகற்பொழுதின் வீதமோ பெரிதும் மாறவில்லை. 1991 ஜூலையில் ஆணையம் அவசர ஆணை பிறப்பித்து ஊதலை மீட்டது. அடுத்த இரண்டாண்டுகளில் இரவு விபத்து வீதம் ஏறத்தாழ 69 விழுக்காடு குறைந்தது.

இதன் காரணம் நுட்பமானது. தடுப்புக் கட்டை சாலையின் பாதியை மட்டுமே மறைக்கும். பொறுமையிழந்த ஓட்டுநர் அதைச் சுற்றி வளைந்து புகுந்துவிடுவார். வண்டி வருகிறது என்று மட்டுமே கட்டை சொல்லும். எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று சொல்வது ஊதல். கண்ணால் அறிய முடியாத அந்தத் தொலைவைச் செவிக்கு உணர்த்திய குரலே இரவில் அடக்கப்பட்டிருந்தது.

விலை கொடுத்த அமைதி

இப்படிப்பினையை நாடு மறக்கவில்லை. 1994-இல் அமெரிக்கப் பேராயம் இயற்றிய சட்டத்தின்படி வகுக்கப்பட்ட விதி, 2005 ஜூன் 24-இல் நடைமுறைக்கு வந்தது. கடவைக்கு 15 முதல் 20 விநாடிக்கு முன் ஊத வேண்டும்; ஒலி 96 டெசிபெலுக்குக் குறையாமலும் 110-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஆனால், குறைந்தது அரை மைல் நீளமுள்ள பகுதியை ஓர் ஊர் ஊதலற்ற அமைதிப் பகுதியாக்கலாம். அதற்கு ஊதல் செய்த பணியை வேறொன்று செய்தாக வேண்டும். சாலை முழுவதையும் மறைக்கும் நான்கு கட்டைகள், நடுவே சுற்றிச் செல்ல விடாத தடுப்பு மேடை, ஒருவழிச் சாலை, அல்லது கடவையையே மூடிவிடுதல் ஆகியவை அவ்வழிகளுள் சில. இவை அனைத்தும் ஓட்டுநர் புகுந்த அதே இடைவெளியை அடைப்பவை என்பது குறிப்பிடத்தக்கது. ஆபத்து நேருங்கால் ஊதும் உரிமை அங்கும் ஓட்டுநருக்கு உண்டு.

2018 ஜனவரியில், ஐம்பதாண்டுக்குப் பின், இப்பாதையில் பிரைட்லைன் என்னும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. வண்டிகள் பெருகவே ஊதலும் பெருகியது. பாம் பீச் மாவட்டத்து ஊர்கள் அவ்வாண்டிலேயே அமைதிப் பகுதிகளை ஏற்படுத்தின. அதன் பின்னரும் இப்பாதையில் உயிரிழப்புகள் அற்றுப்போகவில்லை. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பவரையும் கட்டையை மதியாதவரையும் எக்கருவியும் முற்றாகக் காக்க இயலாது.

அமைதிப் பகுதி தொடங்குவதற்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக இரயில் நிறுவனங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்பது விதி. ஊதலைக் கேட்டு மகிழும் ஆர்வலர்க்கு அந்நாள்களே இறுதித் தவணை. கடவையோரம் நின்று நெடிலும் குறிலும் நெடிலுமாய் ஒலிப்பதைப் பதிவுசெய்வோர், ஊரின் ஒரு குரலை அடுத்த தலைமுறைக்கு வழங்குகின்றனர். அவர்களுக்கு அது இசை. அருகில் உறங்குவோர்க்கு அது தொல்லை. கடவையைக் கடப்போர்க்கு அதுவே உயிர்க்காவல். இம்மூன்றும் உண்மையே.

உறக்கத்தை விரும்பியது புளோரிடா மக்களின் குற்றமன்று; அதற்கு விலை இல்லையென்று எண்ணியதே பிழை. 1984-இல் கொடுக்காத விலையை உயிர்கள் கொடுத்தன. 2005-க்குப் பின் அதனைக் கட்டைகளும் மேடைகளும் கொடுக்கின்றன. யானையின் மணியை அவிழ்க்க விரும்புவோர், முதலில் வழியைக் காக்க ஏற்பாடு செய்தல் வேண்டும்.