ஒரு சொல்லும் எழுநூறு பறவைகளும்

கோல்ப் திடலின் பசுமை தானே நிலைப்பதன்று. குழியைச் சூழ்ந்த புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்திற்கு அடிக்கடி வெட்டுவதால் அது வலுவிழக்கிறது. பூஞ்சையும் புழுவும் எளிதில் பற்றுகின்றன. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஜப்பானிய வண்டின் புழுக்கள், நாளடைவில் பரவி, புல்லின் வேரைத் தின்று திடல்களைக் கருகச் செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இத்தகைய பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி., குளோர்டேன் முதலிய மருந்துகள் பயன்பட்டன. அவை மண்ணில் பல்லாண்டுகள் அழியாது தங்கின. டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளை 1972இல் அமெரிக்க அரசு தடை செய்தது. விரைவில் சிதையும் மருந்துகளே நல்ல மாற்று எனக் கருதப்பட்டன. சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் 1950களில் உருவாக்கிய டயசினான் அவற்றுள் ஒன்று.

விரைவில் சிதைவது வேறு, தீங்கற்றது வேறு. டயசினான் நரம்பு இயக்கத்திற்கு இன்றியமையாத நொதியை முடக்குவது. புல்லையே உணவாகக் கொள்ளும் காட்டு வாத்துகளுக்கு, மருந்து தெளித்த திடல் நஞ்சிட்ட பந்தியாயிற்று. 1984இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஒரு கோல்ப் திடலில் மேய்ந்த பிராண்ட் வாத்துகளுள் ஏறத்தாழ 700 மடிந்தன.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கோல்ப் திடல்களிலும் விற்பனைக்குப் புல் வளர்க்கும் பண்ணைகளிலும் டயசினானைப் பயன்படுத்தலாகாது என 1988இல் ஆணையிட்டது. சீபா-கெய்கி நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு ஒரு சொல்லைச் சுற்றியே சுழன்றது. வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது 'பொதுவாக' மிகையான தீங்கு விளைவிக்கும் மருந்தையே விலக்கலாம் என்பது சட்டம். எப்போதோ சில இடங்களில் பறவைகள் இறப்பது 'பொதுவாக' ஆகுமா என நிறுவனம் வினவியது.

அச்சொல்லை முகமை பொருட்படுத்தாமல் விட்டது தவறு என 1989இல் நீதிமன்றம் கூறியது. ஆயினும், 'பொதுவாக' என்பது பாதிக்கு மேற்பட்ட தடவை நிகழ்வதைக் குறிக்க வேண்டியதில்லை. கணிசமான அளவில் அடிக்கடி நேர்வதே போதும் என்றும் விளக்கியது. வழக்கு முகமைக்கே திரும்பியது. அச்சொல்லின் பொருளோடு சான்றுகளை மீண்டும் ஆராய்ந்த முகமை, 1990இல் தடையை உறுதி செய்தது. வீட்டுப் புல்வெளிகளுக்கான விற்பனையோ 2004இன் இறுதியில்தான் நின்றது.

சட்டத்தில் ஒரு சொல்லும் வீண்சொல் அன்று என்பதை இவ்வழக்கு காட்டிற்று. சொல்லைப் புறக்கணித்த ஆணை தடுமாறிற்று. சொல்லின் பொருளை அறிந்து இயற்றிய ஆணை நிலைத்தது. மொழி கற்போரும் கற்பிப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது.